சாட்சிக்கு வந்த இலக்கியம்

1

சென்ற மாதம் என் அறைக்கு வந்த கவி நண்பர் ஒருவர், அலமாரியின் கீழ்த்தட்டில் பழுப்புத்தாள் சுற்றி வைத்திருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தார். முப்பத்தொரு இதழ்கள். பெரும்பாலும் 1960களிலும் 70களிலும் வெளிவந்த 'எஸ்கொயர்', 'பிளேபாய்'. திருவல்லிக்கேணி நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்தவை. நண்பர் ஒரு 'பிளேபா'யைப் புரட்டினார். நடுப்பக்கம் இல்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இல்லை. "கட்டுரைகளுக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லப் போகிறீரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அமெரிக்காவில் இது பழசாகிப்போன ஹாஸ்யம். ஆனால் எனக்கு உடனே பதில் வரவில்லை. கட்டுரைகளுக்காகவும் கதைகளுக்காகவும்தான் வாங்கினேன் என்பது உண்மை. அப்படி வாங்கியதுதான் தப்பு என்பது எனக்குச் சமீபத்தில்தான் புரிந்தது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பி.ஏ. ஆங்கிலம் முடித்து வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், இந்த இதழ்களை முழுசாக வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. அம்மா இருந்தாள். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, சவர பிளேடால் கதைகளையும் பேட்டிகளையும் மட்டும் அறுத்தெடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடுவேன். அறுத்தவற்றைச் சேர்த்துக் காலிகோ அட்டை போட்டு இரண்டு வால்யூம் பைண்டு செய்தும் வைத்தேன். அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு கதை முன்பக்கங்களில் பெரிய சித்திரத்தோடு ஆரம்பிக்கும். பிறகு 'தொடர்ச்சி இன்ன பக்கம்' என்று பின்னால் போய், மது விளம்பரத்துக்கும் சட்டை விளம்பரத்துக்கும் நடுவில் ஒற்றைப் பத்தியாக இளைத்து முடியும். அவசரத்தில் நான் சில வால்களை விட்டுவிட்டேன். பக்க அடியிலிருந்த தேதிகளையும் பைண்டர் ஓரம் வெட்டும்போது வெட்டிவிட்டார். இன்று அந்த வால்யூம்களில் முடிவில்லாத கதைகள் இருக்கின்றன. எந்த வருஷத்தவை, எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அப்போது ஓர் உயர்ந்த காரியம் செய்வதாகவே நினைத்தேன். விமர்சகன் முன்னால் இருப்பது பிரதி ஒன்றுதான், மற்றதெல்லாம் வெளி விவகாரம் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கோட்பாட்டுக்கு என் கையில் இருந்த வடிவம் ஒரு பிளேடு. எனக்கு முன்னால் இந்த இதழ்களை வைத்திருந்த, முகம் தெரியாத ஒருவர் படத்தை அறுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவைத்தார். நான் எழுத்தை அறுத்துக்கொண்டு படத்தை எறிந்தேன். அவரை நான் கேவலமாக நினைத்திருந்தேன். இருவர் செய்ததும் ஒரே வேலைதான்.

2

ஆண்களுக்கான பத்திரிகை என்ற இந்த இனத்தின் பிறந்த வீடு துணிக்கடை. டேவிட் ஸ்மார்ட், வில்லியம் வைன்ட்ராப் என்ற இருவர், அர்னால்ட் கிங்ரிச்சை ஆசிரியராக வைத்து 1931இல் 'அப்பேரல் ஆர்ட்ஸ்' என்றொரு தொழில் பத்திரிகை ஆரம்பித்தார்கள். ஆண்களின் உடை விற்கும் கடைக்காரர்களுக்கு அது ஒரு கெட்டி அட்டைக் காட்டலாகு மாதிரி. கடைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போக ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையிலிருந்து 1933 இலையுதிர் காலத்தில் 'எஸ்கொயர்' பிறந்தது. நாடு பொருளாதார மந்தத்தில் மூழ்கியிருந்த நேரம். 'ஸாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' 5 சென்ட்டுக்குக் கிடைக்கும்போது இதன் விலை 50 சென்ட். அச்சடித்த 1,05,000 பிரதிகளில் ஒரு லட்சம் துணிக்கடைகளுக்கு, 5,000 மட்டுமே பத்திரிகைக் கடைகளுக்கு. அந்த 5,000 உடனே தீர்ந்துபோக, துணிக்கடைகளுக்கு அனுப்பியதைத் திருப்பி வாங்கிப் பத்திரிகைக் கடைகளில் போட்டார்கள். 1934 ஜனவரியிலிருந்து மாத இதழானது.

முதல் இதழில் க்யூபாக் கடலில் மீன் பிடித்ததைப் பற்றி ஹெமிங்வே எழுதியிருக்கிறார். டாஸ் பாஸோஸ் இருக்கிறார். டாஷியல் ஹாமெட் இருக்கிறார். துணிக்கடைக் காட்டலாகுக்கு ஹெமிங்வே எதற்கு? நியாயமான கேள்வி. வண்ணப் படத்தில் சட்டையின் வெட்டையும் டையின் முடிச்சையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் ஆண் மீது அன்றைய அமெரிக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவன் ஆம்பிளைதானா என்ற சந்தேகம். அதைத் துடைக்க இரண்டு சாட்சிகள் தேவைப்பட்டார்கள். ஒன்று பெண் படம். மற்றது ஹெமிங்வேயின் தூண்டிலும் துப்பாக்கியும். இலக்கியம் இந்த வீட்டுக்குள் வந்தது விருந்தாளியாக அல்ல, சாட்சி சொல்ல.

இன்னொரு விஷயம். அட்டையில் பிதுங்கிய கண்ணும் வெள்ளை மீசையுமாக நிற்கும் 'எஸ்கி' என்ற கனவானின் மூல வரைவு ஈ. ஸிம்ஸ் காம்ப்பெல் என்ற கறுப்பினக் கலைஞருடையது. வெள்ளைக்கார ஓய்வு வாழ்க்கையின் சின்னத்தை வரைந்த கை ஒரு கறுப்பருடைய கை. கதைத் தொகுப்பில் இது வராது. கதையை அறுத்தெடுத்த என் வால்யூமிலும் வராது.

3

கூலிக்கு வந்த சாட்சி எப்போதும் சொல்லிக் கொடுத்ததையே சொல்வதில்லை. இந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்துவது இதுதான்.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டை எடுத்துக்கொள்வோம். 1929இல் 'ஸாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' அவருடைய ஒரு கதைக்கு 4,000 டாலர் கொடுத்தது. முப்பதுகளின் நடுவில் அவர் 'எஸ்கொய'ருக்கு 250 டாலருக்கு எழுதிக்கொண்டிருந்தார். குடி, மனைவியின் நோய், கடன். எழுத வரவில்லை. பத்திரிகையிடம் முன்பணமும் வாங்கியாகிவிட்டது. கிங்ரிச் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, பணம் கொடுத்ததற்குக் கணக்கில் காட்ட ஏதாவது ஒரு கைப்பிரதி வேண்டியிருந்தது. எழுத முடியவில்லை என்பதையே எழுதுங்கள் என்றார். வவுச்சர் இல்லாமல் பணம் வெளியே போனால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிற எனக்கு, கிங்ரிச்சின் கவலை முழுக்கப் புரிகிறது. அந்த வவுச்சர்தான் 1936 பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் இதழ்களில் வந்த மூன்று கட்டுரைகள். முதலாவதன் தலைப்பு 'தி க்ராக்-அப்'. தான் உள்ளுக்குள் விரிசல் விட்டுப்போனதை ஒருவர் இவ்வளவு நிதானமாகக் கணக்குப் பார்த்து எழுதியதை நான் அதிகம் படித்ததில்லை. ஆணின் தன்னம்பிக்கையைக் கஜக்கணக்கில் விற்ற பத்திரிகையின் நடுவில் வந்து, என்னிடம் ஒன்றும் பாக்கி இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். அன்றைக்கு அவரைப் பார்த்துச் சக எழுத்தாளர்கள் முகம் சுளித்தார்கள். 1940இல் அவர் இறந்த பிறகு, 1945இல் எட்மண்ட் வில்சன் இவற்றைப் புத்தகமாகத் தொகுத்தார். இன்று நாம் படிப்பது அதைத்தான்.

அதே 1936, ஆகஸ்டு இதழ். ஹெமிங்வேயின் 'கிளிமஞ்சாரோவின் பனி' வெளியானது. ஆப்பிரிக்காவில் கால் அழுகிச் செத்துக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தாளன், பணக்கார மனைவியின் சௌகரியத்துக்குத் தன் திறமையை விற்றுவிட்டதை நினைத்துப் புழுங்குகிறான். கதையின் ஓரிடத்தில், பணக்காரர்களைப் பார்த்துப் பிரமித்துப் பிறகு அவர்களும் சாதாரணம்தான் என்று தெரிந்ததும் நொறுங்கிப்போனவர் என்று ஒருவரைப் பரிதாபப்படுகிற பாவனையில் இழிவாகக் குறிப்பிடுகிறான். 'எஸ்கொயர்' பக்கத்தில் அங்கே அச்சாகியிருந்த பெயர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட். ஏப்ரல் வரை அதே பத்திரிகையில் நெஞ்சைத் திறந்து காட்டியவரை, நாலு மாதம் கழித்து அதே பத்திரிகையில், அதே வாசகர்கள் முன்னால் நண்பர் குத்துகிறார். அச்சில் என்னை விட்டுவிடுங்கள் என்ற தோரணையில் ஃபிட்ஸ்ஜெரால்ட் அவருக்குக் கடிதம் எழுதினார். இருவருக்கும் பதிப்பாசிரியரான மாக்ஸ்வெல் பெர்கின்ஸ் தலையிட்டார். 1938இல் தொகுப்பில் வந்தபோது அந்தப் பெயர் 'ஜூலியன்' ஆகிவிட்டது.

கல்லூரியில் இந்தக் கதையைப் பாடமாகப் படித்தேன். ஜூலியனைப் படித்தேன். மரணம், பனி, சிறுத்தை, குறியீடு என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினேன். ஜூலியன் யார் என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிரதியில் ஜூலியன் என்றிருந்தால் ஜூலியன்தான். பல வருஷம் கழித்து ஒரு ஃபிட்ஸ்ஜெரால்ட் வாழ்க்கை வரலாற்றில் இந்த விஷயத்தைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது என் காலிகோ வால்யூம்கள். புத்தகம் அழித்ததைப் பத்திரிகை வைத்திருக்கிறது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஆகஸ்டு என்று வரிசையாக வைத்துப் பார்ப்பவனுக்கு அந்தக் கதையே வேறு கதை. திறமையை விற்றவனைப் பற்றிய கதையை, விற்கிற பத்திரிகையில், அதே பத்திரிகையில் தன் தோல்வியை 250 டாலருக்கு விற்ற நண்பனைக் காட்டி ஒருவர் எழுதுகிறார். இப்போது அந்தக் கதாநாயகனின் சுயவெறுப்பு யாருடையது?

வங்கியில் ஒரு வவுச்சரைத் தனியாக எடுத்துப் பார்த்தால் தொகையும் கையெழுத்தும்தான் தெரியும். அன்றைய கட்டோடு வைத்துப் பார்த்தால்தான் பணம் எங்கிருந்து எங்கே போயிற்று என்று தெரியும். தினமும் பத்திலிருந்து ஐந்து வரை செய்கிற இந்த வேலையை, மாலையில் இலக்கியம் படிக்கும்போது நான் மறந்துவிட்டிருக்கிறேன்.

4

சாட்சி என்றேன். நிஜமாகவே ஒரு வழக்கும் நடந்தது.

அமெரிக்கத் தபால் சட்டத்தில் 1879 முதல் ஒரு சலுகை இருந்தது. பொது விஷயங்களைப் பரப்புவதற்காகவோ, இலக்கியம், அறிவியல், கலை இவற்றுக்காகவோ வெளியாகும் பத்திரிகைக்கு இரண்டாம் வகுப்புக் கட்டணம், அதாவது குறைந்த கட்டணம். 1943 இறுதியில் தபால் துறைத் தலைவர் ஃப்ராங்க் வாக்கர், 'எஸ்கொயர்' இந்தச் சலுகைக்கு யோக்யதை உள்ளதல்ல என்று ரத்து செய்தார். ஆபாசம் என்று நேராகச் சொல்லித் தபாலிலிருந்து விலக்கவில்லை. பொது நன்மைக்கு உதவவில்லை என்பதுதான் காரணம். சலுகை போனால் வருஷத்துக்கு ஐந்து லட்சம் டாலர் நஷ்டம். விசாரணையில் ஹெச்.எல். மென்கென் போன்றவர்கள் பத்திரிகைக்காகச் சாட்சி சொன்னார்கள். 1946இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எது நல்ல இலக்கியம், எது பொது நன்மை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தபால்காரருக்குக் காங்கிரஸ் கொடுக்கவில்லை என்று நீதிபதி டக்ளஸ் எழுதினார்.

இலக்கியம் என்ற சொல்லுக்குத் தபால் தலையில் ஒரு விலை உண்டு என்பது இந்த வழக்கால் எனக்குத் தெரிந்தது. சிற்றேடு நடத்தித் தபால் செலவுக்கு விழித்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

1953 டிசம்பரில் வந்த 'பிளேபாய்' இந்தப் பாடத்தை நன்றாகப் படித்திருந்தது. ஹ்யூ ஹெஃப்னர் 'எஸ்கொய'ரில் விளம்பர வாசகம் எழுதியவர். ஐந்து டாலர் சம்பள உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை, வெளியே வந்தார். முதல் இதழின் அட்டையில் தேதியே இல்லை. இரண்டாவது இதழ் வரும் என்ற நிச்சயம் அவருக்கு இல்லை. இந்த ஒரு விஷயத்திலாவது அவர் நம்மவர். மற்றதில் இல்லை. அந்த முதல் இதழ் ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது. 1972 நவம்பர் இதழ் எழுபது லட்சத்தைத் தாண்டியது.

1954 மார்ச், ஏப்ரல், மே இதழ்களில் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' தொடராக வந்தது. புத்தகங்களை எரிக்கும் காலத்தைப் பற்றிய நாவல். அதில் எரிப்பவர்களின் தலைவன் ஓரிடத்தில் விளக்குகிறான்: ஜனங்களே புத்தகங்களைக் கைவிட்டார்கள், சித்திரக் கதைகளும் காமப் பத்திரிகைகளும் மட்டும் பிழைத்தன என்று. அந்த நாவலைப் பெண் படம் போடும் பத்திரிகை விலைக்கு வாங்கிப் போட்டது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1967 முதல் பள்ளி மாணவர்களுக்கென்று இதன் பதிப்பகம் வெளியிட்ட பதிப்பில், வசைச் சொற்களையும் சில சம்பவங்களையும் ஆசிரியருக்குத் தெரியாமல் வெட்டியிருந்தார்கள். தணிக்கையைப் பற்றிய புத்தகத்தைத் தணிக்கை செய்த பெருமை கௌரவமான பதிப்பகத்துக்குத்தான் போகிறது.

இதைவிட எனக்குச் சுருக்கென்று பட்டது வேறொன்று. 1966இல் 'பிளேபா'யின் புனைகதை ஆசிரியராக வந்தவர் ராபி மக்காலி. அதற்குமுன் அவர் 'கென்யன் ரிவ்யூ'வின் ஆசிரியர். ஜான் க்ரோ ரான்ஸம் 1939இல் ஆரம்பித்த பத்திரிகை. பிரதி ஒன்றே போதும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்த பள்ளி அது. அந்தப் பள்ளியின் தலைமை வாத்தியார் நடந்துபோய் உட்கார்ந்த இடம் இது. அவரை நான் குறை சொல்லவில்லை. பதினோரு வருஷம் நல்ல கதைகளைத் தேர்ந்தெடுத்தார். எழுத்தாளர்களுக்கு நல்ல பணம் கிடைத்தது. 'கென்யன் ரிவ்யூ' 1970இல் நின்றேபோயிற்று (1979இல்தான் மறுபடி வந்தது). ஆனால் பிரதியைச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால்தான் அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. கதைக்கு எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தால் என்ன, கதை கதைதானே.

இங்கே மார்க்சிய நண்பர்கள் கேட்கக்கூடியதை நானே கேட்டுவிடுகிறேன். பெண்ணின் உடலை விற்ற பத்திரிகைக்கு வக்காலத்து வாங்குகிறாயா? இல்லை. படம், மது விளம்பரம், சட்டை, கதை எல்லாம் சேர்ந்துதான் அங்கே ஒரே சரக்கு. கதையை மட்டும் அறுத்தெடுக்கும்போது, அது எந்த வீட்டில் குடியிருந்தது, யார் வாடகை கொடுத்தார்கள் என்ற கேள்வியையும் சேர்த்து அறுத்துவிடுகிறோம். இலக்கியத்தைச் சுத்தமாக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்த வியாபாரத்தையும் தப்பவிடுகிறோம். முழு இதழையும் வைத்துக்கொண்டு பேசுகிறவன்தான் அதைக் கண்டிக்கவும் முடியும்.

5

அறுப்பதன் இரண்டு எல்லைகள் என்று இரண்டைச் சொல்லலாம்.

1970 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பார்வையற்றவர்களுக்காக 'பிளேபா'யைப் பிரெய்லில் வெளியிட்டுவந்தது. படம் கிடையாது, படத்தைப் பற்றிய வர்ணனையும் கிடையாது. கதைகளும் கட்டுரைகளும் பேட்டிகளும்தான். கட்டுரைக்காகவே படிக்கிறேன் என்று உலகத்தில் யாராவது சத்தியம் செய்திருக்க முடியுமானால் இந்த வாசகர்கள்தான். 1985இல் காங்கிரஸ் அந்த நூலகத்தின் மானியத்தில் 1,03,000 டாலரைக் குறைத்தது. அது பிரெய்ல் 'பிளேபா'யின் செலவுக்குச் சரியான தொகை. நூலகத் தலைவர் டேனியல் பூர்ஸ்டின் பதிப்பை நிறுத்தினார். பார்வையற்றோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1986இல் நீதிபதி தாமஸ் ஹோகன், இது பேச்சுச் சுதந்திரத்தை மீறுவது என்று தீர்ப்புச் சொல்ல, பிரெய்ல் பதிப்பு திரும்பியது. படமில்லாத வெறும் புள்ளிகளிலும் அரசியல்வாதிகளுக்கு ஆபாசம் தெரிந்திருக்கிறது. எழுத்தை அறுத்துத் தனியாக எடுத்தாலும் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டேதான் வருகிறது.

மற்ற எல்லை, இன்றைய சேகரிப்பாளர்களுடையது. அமெரிக்காவில் பழைய இதழைக் கொடுத்தால் பரிசோதித்து, ஸ்டேப்ளர் கம்பியில் துரு இருக்கிறதா, முதுகு மடிந்திருக்கிறதா, நடுப்பக்கம் இருக்கிறதா, சந்தாதாரரின் முகவரிச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து மூடித் தருகிறார்கள். அதற்குப் பிறகு அதைத் திறக்கக்கூடாது. திறந்தால் மதிப்பெண் போய்விடும். கூப்பன் வெட்டாத, பேனாக் கறை படாத, யாருமே படித்த அடையாளம் இல்லாத பிரதிக்குத்தான் விலை. ஓர் இதழ் முழுசாக, ஒரு பக்கம்கூடக் குறையாமல், அதற்குள் இருக்கிறது. யாரும் படிக்க முடியாது.

என் முப்பத்தொன்றும் அந்தக் கணக்கில் பூஜ்யம். நடுப்பக்கம் இல்லை, கம்பி துருப்பிடித்திருக்கிறது, ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன. ஒன்றில் யாரோ கார் விளம்பரத்தை வெட்டியதில் பின்பக்கத்திலிருந்த பேட்டியில் இரண்டு கேள்விகள் போய்விட்டன. பதில்கள் மட்டும் பாதி பாதியாக நிற்கின்றன. ஆனால் அந்த ஓட்டை வழியாக அந்த வாசகன் எனக்குத் தெரிகிறான். அவனுக்குக் கார் வேண்டியிருந்தது. இப்போது நான் விளம்பரங்களையும் படிக்கிறேன். ஆசிரியருக்கு வந்த கடிதங்களைப் படிக்கிறேன். 'தொடர்ச்சி இன்ன பக்கம்' என்றிருந்தால் அந்தப் பக்கம் போகும் வழியில் என்னவெல்லாம் குறுக்கிடுகிறது என்று பார்க்கிறேன். இது இலக்கிய விமர்சனமா என்று கேட்டால், ஹெமிங்வேயின் கதையை முதல் முறையாகப் புரிந்துகொள்ள எனக்கு இந்த வழிதான் உதவியது என்று சொல்வேன்.

6

இதையெல்லாம் நண்பரிடம் அன்று சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. "அது அமெரிக்க வியாபாரப் பத்திரிகை. நம் சிற்றேடுகளில் விளம்பரமா, படமா? அங்கே சூழல் என்று என்ன இருக்கிறது? கவிதைதான் இருக்கிறது" என்றார்.

அவருடைய முதல் கவிதை வந்த இதழ் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. தொகுப்பு வந்ததும் இதழ்களை வைத்துக்கொள்ள இடமில்லை என்று யாருக்கோ கொடுத்துவிட்டாராம். எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். இன்னொருவரின் கவிதை, என்று பெயரைச் சொன்னார். பிறகு, தன் கவிதைக்கு மேல் அந்த நபரின் பெயரைப் போட்டு 'க்கு' என்று அச்சிட்டிருந்ததாகவும், இடையில் ஏற்பட்ட மனஸ்தாபத்தில் தொகுப்பில் அதை எடுத்துவிட்டதாகவும் சொன்னார். அந்தக் கவி இப்போது உயிரோடு இல்லை.

பேசாமல் இதழ்களை மறுபடி பழுப்புத்தாளில் சுற்றினார். போகும்போது, அந்த இதழ் எங்கேயாவது நடைபாதையில் கிடைத்தால் வாங்கிவைக்கச் சொன்னார். தேடிக்கொண்டிருக்கிறேன். இதைப் படிக்கும் யாரிடமாவது பழைய சிற்றேட்டுக் கட்டுகள் இருந்தால், கவிதைகளை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.